குரல் பிக்கிங்: ஸ்கேனரை விட்டு ஹெட்செட்டுக்கு மாறலாமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

மூணாம்ஷிஃப்ட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு குடோனில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஆர்டருக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் பிக்கர்கள் மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து 42 பேர். இப்போது எல்லோர் கையிலும் ஸ்கேனர்தான். குரல் பிக்கிங் கொண்டுவரலாம் என்று மேலே பேச்சு ஓடுகிறது, அதாவது எங்கே போய் எத்தனை எடுக்க வேண்டும் என்று ஹெட்செட் காதில் சொல்லும், பிக்கர் வாயால் பதில் சொல்வார். "ஃப்ளோரில் நிற்கிறவன் நீதான், பார்த்துச் சொல்" என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். 42 பேர் காதில் தினமும் எட்டு மணி நேரம் ஒலிக்கப்போகிற விஷயம். கேட்டவுடன் தலையாட்ட எனக்கு மனசு வரவில்லை.

எங்களிடம் மூன்று பகுதி இருக்கிறது. ஒன்று ஃப்ரீசர், மைனஸ் 22 டிகிரி. அங்கே ஸ்கேனரோடு படும் பாடு சொல்லி மாளாது. தடித்த கையுறையோடு அமுக்கினால் இரண்டு பட்டன் சேர்ந்து அமுங்கும். அதனால் பசங்க வலது கையுறையைக் கழற்றிவிட்டு வேலை பார்க்கிறார்கள், விரல் நுனி மரத்துப்போகிறது. வெளியே வந்தவுடன் திரை முழுக்க வியர்க்கிறது, மறுபடி உள்ளே போனால் அதுவே உறைந்துவிடுகிறது. இரண்டாவது, முழுக் கார்ட்டனாக எடுக்கும் பகுதி, கிட்டத்தட்ட 4,000 லொகேஷன். மூன்றாவது, ஷெல்ஃபிலிருந்து சில்லறையாக எடுக்கும் இடம். அங்கே பாதிச் சரக்குக்கு பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பதிந்தாக வேண்டும்.

டெமோ காட்ட வந்தவர், "புத்தம்புதுத் தொழில்நுட்பம், இனிமேல் தப்பான பொருள் லாரி ஏறவே ஏறாது, வேகம் கூடும்" என்று அடித்துச் சொன்னார். டெமோ நடந்தது கான்ஃபரன்ஸ் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: தப்பே நடக்காது என்பது உண்மையா? எங்கள் ஆட்கள் வீட்டில் நாலு மொழி பேசுகிறவர்கள், பேச்சுவழக்கும் ஆளுக்கு ஒரு விதம். மெஷினுக்குப் புரியுமா? மூன்று பகுதியிலும் போடலாமா, ஒன்றில் மட்டும் போதுமா? பிறகு, பசங்க என்னிடம் நேராகக் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: "ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்கு எடுப்பாங்களா?" அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

ஹெட்செட்_அக்கா எழுதியது:

ஏழு வருஷம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பிக் பண்ணியவள் நான். அதற்கு முன்னால் காகித லிஸ்ட், நடுவில் கொஞ்ச காலம் ஸ்கேனர். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த முறை எனக்குப் பிடித்த முறை, அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசரில் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இரண்டு கையும் கையுறைக்குள் இருக்கும், கண் பெட்டியின் மேல் இருக்கும், திரை என்ற தொல்லையே கிடையாது. கார்ட்டன் பகுதியிலும் போடலாம், ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஷெல்ஃப் பகுதியை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

"தப்பே நடக்காது" என்ற பேச்சுக்கு வருகிறேன். காதில் "ஐல் 14, பே 6, லெவல் 2" என்று வரும்: எந்த நடைபாதை, அதில் எந்த ரேக் பகுதி, எத்தனையாவது தட்டு. போய் நிற்கிறீர்கள். ரேக்கில் ஒட்டியிருக்கும் செக் டிஜிட், அதாவது அந்த இடத்தின் சரிபார்ப்பு எண், 47 என்றால் "நாலு ஏழு" என்று படிக்கிறீர்கள். அது சரியாக இருந்தால்தான் "மூணு கேஸ்" என்று எண்ணிக்கை வரும். எடுத்து வைத்து "மூணு" என்றால் அடுத்த இடத்துக்கு அனுப்பும். முழு வேலையும் இவ்வளவுதான். இதில் நீங்கள் எதை உறுதிசெய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சரியான இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை. அந்த இடத்தில் சரியான பொருள் இருக்கிறதா என்று ஹெட்செட்டுக்குத் தெரியவே தெரியாது.

எங்களுக்கு இது உறைத்தது ஒரு திங்கட்கிழமை. முந்தின ராத்திரி ரீப்ளெனிஷ்மென்ட் (ரேக்கில் சரக்கு நிரப்பும் வேலை) பார்த்தவர், தரை துடைக்கும் திரவம் இருந்த ஒரு பேலட்டைப் பக்கத்து ஸ்லாட்டில் இறக்கிவிட்டார். இரண்டும் ஒரே அளவு அட்டைப்பெட்டி, ஒரே பச்சைப் பட்டை. ஒன்றில் 2 லிட்டர் பாட்டில் 6, மற்றதில் 1 லிட்டர் பாட்டில் 12. தூக்கினால் எடைகூட ஒன்றே. காலையில் நாங்கள் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக அந்த இடத்துக்குப் போனோம். செக் டிஜிட்டைச் சரியாகப் படித்தோம், எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னோம், தவறான பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். சிஸ்டத்தைக் கேட்டால் அன்றைக்கு ஒரு பிழையும் கிடையாது. மதியம் மூன்று மணிக்கு முதல் புகார் வரும்போது 31 பெட்டி வெளியே போயிருந்தது. ஸ்கேனராக இருந்திருந்தால் முதல் பெட்டியின் பார்கோடிலேயே கத்தியிருக்கும்.

ஆகவே பிக்கிங்குக்கு ஹெட்செட் கொடுக்கும் அன்றே, சரக்கை ரேக்கில் வைக்கிறவர்களின் ஸ்கேனரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ரீப்ளெனிஷ்மென்ட்டில் பொருளின் பார்கோடு, லொகேஷனின் பார்கோடு இரண்டையும் அடித்தால்தான் வேலை முடிந்ததாகக் காட்ட வேண்டும். குரல் பிக்கிங்கில் தப்பு நடப்பது குறைந்தால் அதில் பாதிப் புண்ணியம் ரீப்ளெனிஷ்மென்ட் ஆட்களுக்குத்தான் சேர வேண்டும் என்பேன். ஒரே மாதிரி இருக்கும் பெட்டிகளை அடுத்தடுத்த ஸ்லாட்டில் வைக்காதீர்கள், வேறு ஐலுக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாதவற்றுக்கு மட்டும் பெட்டியின் பார்கோடில் கடைசி நாலு எண்ணைப் படிக்கச் சொல்லி சிஸ்டத்தில் வைக்கலாம். எல்லாப் பொருளுக்கும் அப்படி வைத்தால் வேகம் போய்விடும்.

அடுத்தது செக் டிஜிட். எங்களிடம் ஒரு தம்பி இருந்தான். அவ்வளவு வேகம். எல்லோரும் அவனை உதாரணம் காட்டுவோம். பிறகு அவன் எடுத்த பேலட்டுகளில் மட்டும் பக்கத்து ஸ்லாட் சரக்கு அடிக்கடி கலந்து வந்தது. பதிவை எடுத்துப் பார்த்தேன். "ஐல் 9, பே 11" என்று சொல்லி முடித்த ஒரு விநாடிக்குள் செக் டிஜிட் வந்திருக்கிறது. அவன் அப்போது நின்ற இடத்திலிருந்து அந்த பே பன்னிரண்டு மீட்டராவது தள்ளி இருக்கும். அத்தனை எண்ணும் அவனுக்கு மனப்பாடம். நடந்துகொண்டே சொல்லிவிடுவான். பிறகு எண்ணிக்கையைக் காதில் வைத்துக்கொண்டு, கைக்கு எட்டிய இடத்தில் எடுத்துவிடுவான். அவனைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. ஒரே ஐலில் ஆறு மாதம் நடக்கிற யாருக்கும் எண் மனதில் பதியத்தான் செய்யும். அதிகம் ஓடும் ஐல்களில் செக் டிஜிட் லேபிளை அவ்வப்போது மாற்றுவது ஒன்றுதான் வழி. நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம்.

இரண்டு இலக்கம் போதுமா, மூன்று வேண்டுமா என்று விற்க வருகிறவர் கேட்பார். இரண்டு இலக்கம் என்றால் 100 எண்தான். உங்கள் 4,000 லொகேஷனில் ஒவ்வொரு எண்ணும் சராசரியாக 40 இடத்தில் வரும். அது தவறில்லை. ஒரே பேயில் மேலும் கீழும், எதிர் வரிசையில், பக்கத்து இரண்டு மூன்று ஸ்லாட்டில் அதே எண் வரக்கூடாது, அவ்வளவுதான். லொகேஷன் நம்பரிலிருந்தே செக் டிஜிட்டை உருவாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காதில் இடத்தைக் கேட்டவுடன் அங்கே போகாமலே எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

மொழி விஷயம். இது புத்தம்புது என்று உங்களிடம் சொன்னது சரியில்லை. இந்தத் துறையில் பெயர் சொல்லும் வோகலெக்ட் நிறுவனம் பிட்ஸ்பர்க்கில் 1987ல் தொடங்கியது. 2011ல் இன்டர்மெக் அதை வாங்கியது, 2013ல் இன்டர்மெக்கை ஹனிவெல் வாங்கியது. வயது முக்கியம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தனை காலமாக இரண்டு விதமான முறை இருந்துவருகிறது, வாங்குவதற்கு முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒவ்வொரு பிக்கரும் முதல் நாள் உட்கார்ந்து, பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலும் மற்றக் கட்டளைகளையும் பல முறை சொல்லித் தன் குரலைப் பதிவுசெய்ய வேண்டும். மெஷின் அந்தப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் கேட்கும். அதற்கு மொழியே தெரியாது, உங்கள் ஒலி மட்டும்தான் தெரியும். ஒருவர் "ஏழு" என்று பதிந்தாலும் "செவன்" என்று பதிந்தாலும் அதற்கு 7தான். இன்னொன்று பதிவே இல்லாமல் யார் பேசினாலும் கேட்கும் வகை. புது ஆள் வந்த நிமிஷமே வேலைக்குப் போகலாம். ஆனால் அது எந்த மொழிக்குப் பழக்கப்பட்டதோ அந்த மொழியில், ஓரளவு அந்த உச்சரிப்பில் பேச வேண்டும். நாலு மொழி பேசும் குழுவுக்கு முதல் வகை கைகொடுக்கும் என்பது என் அனுபவம்.

குரல் பதிவை மட்டும் தயவுசெய்து அலுவலக அறையில் செய்யாதீர்கள். மெதுவாகப் பேசும் ஒரு பெண் எங்களிடம் சேர்ந்தாள். அமைதியான அறையில் அழகாகப் பதிவு முடிந்தது. ஃப்ரீசருக்குள் போனவுடன், ஃபேன் இரைச்சலில், அவள் "ஆறு" என்றால் மெஷின் கேட்கவே இல்லை. அவள் குரலை உயர்த்தினாள். உயர்த்தியதும் பதிவில் இருந்த குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய், மற்ற எண்களும் தவறத் தொடங்கின. இரண்டாம் நாள் கண் கலங்கிப்போய் "எனக்கு இந்த வேலை வராதுக்கா" என்றாள். அவளை ஃபேனுக்கு நேர் கீழே நிற்கவைத்து, ஜாக்கெட், குல்லா, கழுத்துத்துணி எல்லாம் மாட்டிக்கொண்ட நிலையில் திரும்பப் பதியவைத்தேன். மைக்கை வாயோரம் இரண்டு விரல் அகலத்தில் வைத்தோம். கால் மணி நேரம்தான் ஆனது. அவள் இன்றும் அதே ஃப்ரீசரில் இருக்கிறாள்.

எங்களிடம் அதிகம் குழம்பியது ஒண்ணும் மூணும். இரண்டும் ஒரே மாதிரி முடிகிறது. ஆங்கிலத்தில் ஃபைவும் நைனும் இப்படித்தான். விமானிகள் ரேடியோவில் 9ஐ "நைனர்" என்று சொல்வது அதனால்தான். "மூணு" என்பதை நீட்டிச் சொல்லப் பழக்கினோம், சரியாகிவிட்டது. பதினொண்ணு, பதிமூணு என்று சேர்த்துச் சொல்லவிடாதீர்கள். "ஒண்ணு ஒண்ணு", "ஒண்ணு மூணு" என்று இலக்கம் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. குடோன் வடிவமைப்புப் பாடப்புத்தகங்களில் வழக்கமாகத் தரும் கணக்கில், பிக்கரின் நேரத்தில் பாதி நடையிலேயே போகிறது. தேடுவதில் 20 சதவீதம், எடுப்பதில் 15. ஹெட்செட் தேடும் நேரத்தையும், ஸ்கேனரை எடுத்து வைக்கும் நேரத்தையும் குறைக்கும். நடையை ஒரு அடிகூடக் குறைக்காது. அதிகம் ஓடும் சரக்கு குடோனின் கடைக்கோடியில் கிடந்தால், காதில் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அங்கே நடந்துதான் ஆக வேண்டும். முதலில் சரக்கை இடம் மாற்றிவிட்டு, அப்புறம் ஹெட்செட்டின் லாபத்தை அளந்து பாருங்கள்.

ஆன்டெனா எழுதியது:

அக்கா தொடாத ஒரு விஷயம் வைஃபை. குடோன் நெட்வொர்க் வேலைதான் எனக்கு.

ஸ்கேனரில் சிக்னல் விட்டுப்போனால் திரையில் தெரியும். ஹெட்செட்டில் வெறும் மௌனம்தான். மெஷின் யோசிக்கிறதா, பேட்டரி போய்விட்டதா, நாம் சொன்னது கேட்கவில்லையா என்று பிக்கருக்குப் புரியாது. ஐலின் நடுவில் அப்படியே நின்றுவிடுவார். ஒரு நாளில் நாலு தடவை இப்படி ஆனால் ஹெட்செட்டே வேண்டாம் என்பார்கள்.

சிக்னல் எங்கே எப்படி இருக்கிறது என்று சர்வே எடுக்கும்போது ரேக் நிரம்பியிருக்க வேண்டும். காலி ரேக்கில் எடுத்த சர்வேயை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திரவச் சரக்கு இருக்கும் ஐலில் தண்ணீரே சிக்னலை விழுங்கிவிடும். ஃப்ரீசரின் சுவர்ப் பலகைகளில் இரண்டு பக்கமும் உலோகத் தகடு இருக்கும். வெளியில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் உள்ளே எட்டும் என்று எண்ண வேண்டாம், உள்ளேயே அந்தக் குளிரைத் தாங்கும் வகையில் தனியாக வையுங்கள். ஹெட்செட்டோடு இணையும் சின்னக் கணினியான டெர்மினல் இடுப்பில் இருக்கும் என்பதால் இடுப்பு உயரத்தில் அளந்து பாருங்கள். உடம்பே ஒரு பக்கச் சிக்னலை மறைக்கும்.

வயர்லெஸ் ஹெட்செட் என்றால் இன்னொன்று. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையும் அதிலேயே ஓடினால் 40 பேர் ஷிஃப்ட் மாறும் இடத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும். டெர்மினல்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

பேலட்ஜாக் எழுதியது:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனா நான் இன்னும் பிக்கர்தான், நாலு வருஷமா காதுல மாட்டிக்கிட்டு நடக்குறேன். எங்க பக்கத்தையும் சொல்லணும்.

முன்னெல்லாம் ஐல்ல எதிர்ல வர்ற ஆளோட ரெண்டு வார்த்தை பேசுவோம். "கால் வலி எப்படி இருக்கு", "பையன் பரீட்சை எழுதிட்டானா" அப்படின்னு. இப்ப எதிர்ல வந்தா தலைய மட்டும் ஆட்டிக்கிறோம். பேசினா மெஷின் அதையும் கேட்டுடும். ஒரு தடவை பக்கத்துல இருந்தவன் "லோடுக்கு இன்னும் எத்தனை பாக்கி"ன்னு கேட்டான், நான் "ஆறு"ன்னேன். காதுல உடனே அடுத்த இடம் சொல்லிடுச்சு. அங்க நான் எடுத்திருந்தது நாலுதான். எட்டு மணி நேரம் ஒரே குரல், ஒரே மாதிரி. வீட்டுக்குப் போயும் அது நிக்காது. என் பொண்ணு ஒரு நாள் ஏதோ கேட்டா, நான் மெஷினுக்குச் சொல்ற மாதிரி "ரெடி"ன்னு பதில் சொன்னேன். அவ முகத்தைப் பார்க்க முடியலை.

அதைவிடக் கஷ்டம் ரேட் போர்டு. எங்க இடத்துல ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா மணிக்கு எத்தனை பிக்குன்னு பெரிய திரையில ஓடும். ஃபோர்க்லிஃப்ட் ஐலை மறிச்சு நின்னாலும், பேலட் உடைஞ்சு சரிஞ்சாலும், ஸ்லாட் காலியா இருந்தாலும், அந்த நேரமெல்லாம் என் கணக்குலதான் விழும். அது என்னைக் கேக்காது "ஏன் நின்ன"ன்னு. சார், உங்க பசங்க கேட்ட கேள்விக்கு உண்மையான பதில், ஆமா, எடுக்கும். விநாடிக் கணக்குல எடுக்கும். அதை வெச்சு என்ன பண்ணப்போறீங்கன்னு நீங்கதான் இப்பவே அவங்களுக்குச் சொல்லணும்.

ஹெட்செட்_அக்கா எழுதியது:

பேலட்ஜாக் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போட முடியவில்லை, கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். அந்த "ரெடி" எனக்கும் நடந்திருக்கிறது.

மேலே நான் அந்த வேகக்காரத் தம்பியின் பதிவை எடுத்துப் பார்த்ததாக எழுதியிருந்தேன். அதே பதிவுதான் இவரை வாட்டுகிறது. அதனால் எங்கள் இடத்தில் என்ன ஏற்பாடு என்று சொல்லிவிடுகிறேன். இது தானாக வந்துவிடவில்லை, ஒரு வருஷம் பேசிப் பேசி வாங்கியது. பெரிய திரையில் குழுவின் மொத்தக் கணக்கு மட்டும்தான் ஓடும், தனி ஆள் பெயர் வராது. ஒருவருடைய பதிவைப் பார்க்க வேண்டும் என்றால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் திறப்போம். மூன்றாவது, "தடை" என்று ஒரு கட்டளை சேர்க்கச் சொன்னோம். ஐல் மறித்திருந்தால், பேலட் சரிந்திருந்தால், "தடை" என்றவுடன் கடிகாரம் நிற்கும், காரணத்துக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். முதல் மாதம் முடிவில் அந்தக் காரணங்களை எடுத்துப் பார்த்தபோது, மிக அதிகம் வந்தது காலி ஸ்லாட். பிக்கர்கள் மெதுவாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு ரீப்ளெனிஷ்மென்ட் நேரத்தை மாற்றினார்கள். மூணாம்ஷிஃப்ட், இதை ஹெட்செட் வாங்கும் ஒப்பந்தத்தோடு சேர்த்தே கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் "அடுத்த வெர்ஷனில்" என்பார்கள்.

பேச்சு விஷயம். மைக்கைத் தூங்கவைக்கும் கட்டளை பொதுவாக சிஸ்டத்தில் இருக்கும். அதைச் சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் ஆளோடு ஆள் பேசிக்கொள்வது குற்றம் இல்லை என்று சூப்பர்வைசர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். மெஷின் பேசும் வேகத்தையும் அவரவரே கூட்டிக் குறைக்கவிடுங்கள். பழகியவர்கள் கூட்டிக்கூட்டி, நமக்குக் கேட்டால் ஒரு வார்த்தைகூடப் புரியாத வேகத்தில் வைத்துக்கொள்வார்கள். புதியவர்களை அந்த வேகத்துக்குத் தள்ளாதீர்கள்.

இன்னும் சில. ஒரு காதுக்கு மட்டும் இருக்கும் ஹெட்செட்டையே வாங்குங்கள், மறு காதில் ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் கேட்டாக வேண்டும். ஆளுக்கு ஒரு ஹெட்செட், யாருடையதையும் யாரும் மாட்டக்கூடாது. டெர்மினல் வேண்டுமானால் பொதுவாக இருக்கட்டும். ஃப்ரீசரில் மைக்கின் ஸ்பாஞ்சில் மூச்சின் ஈரம் சேர்ந்து உறைந்துவிடும், அப்போது குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகும். பையில் ஒரு ஸ்பாஞ்ச் உதிரியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், டெர்மினலை ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டினால் கொஞ்சம் தாங்கும்.

மூணாம்ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, பேலட்ஜாக், ஆன்டெனா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஷிஃப்ட் தொடங்கும்போது பேலட்ஜாக் எழுதியதை என் ஆட்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். ஆமாம், பதிவு எடுக்கும், அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை உங்களோடு உட்கார்ந்து எழுதிய பிறகுதான் சரி என்பேன் என்று சொன்னேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஃப்ரீசர் ஆள் ஒருவர், "கையுறை மாட்டிக்கிட்டு வேலை பார்க்கலாம்னா நான் முதல் ஆளா வர்றேன்" என்றார்.

அக்கா, இரண்டு கேள்வி மிச்சம். ஷெல்ஃப் பகுதியை ஏன் தொட வேண்டாம் என்கிறீர்கள்? பேட்ச் நம்பரையும் வாயால் சொல்லலாமே என்று மேலே கேட்பார்கள். இரண்டாவது, லேபிள். நேற்று ராத்திரி ஐல் 14ல் ஒவ்வொரு செக்‌ஷனாக நடந்தேன். 96 லொகேஷனில் 11 லேபிளைப் படிக்க முடியவில்லை. ஐந்தை பேலட்டின் பிளாஸ்டிக் சுற்று மூடியிருக்கிறது, நாலு கிழிந்திருக்கிறது, இரண்டு ஃபோர்க்லிஃப்ட் இடித்து உரிந்துபோயிருக்கிறது. எங்கே ஒட்டுவது நல்லது?

ஹெட்செட்_அக்கா எழுதியது:

பேட்ச் நம்பர்: எங்களிடம் ஒரு சரக்குக்கு 11 எழுத்து, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து. பி, டி, வி, ஜி, ஈ, இதெல்லாம் வாயால் சொன்னால் காதுக்கு ஒன்றுதான். ஒரு எழுத்து தவறினாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதே பெட்டியில் பார்கோடு இருந்தால் ஸ்கேன் ஒரு விநாடி. ஷெல்ஃப் பகுதிக்குக் குரல் வேண்டும் என்றே சொன்னால், விரலில் மாட்டும் ரிங் ஸ்கேனரையும் சேர்த்துக் கேளுங்கள். இடத்தையும் எண்ணிக்கையையும் காது சொல்லட்டும், பேட்சையும் தேதியையும் விரல் படிக்கட்டும். அப்படி இரண்டும் சேர்ந்து வரும் சிஸ்டம் இருக்கிறது. ஆனால் ஃப்ரீசரில் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு அதற்குப் போங்கள்.

லேபிள்: 96ல் 11 என்றால் நீங்கள் நல்ல நிலைமையில் இருக்கிறீர்கள், நாங்கள் முதன்முதலில் எண்ணியபோது இதைவிட மோசம். ரேக்கின் குறுக்குச் சட்டமான பீமின் முன் முகத்தில் ஒட்டுங்கள், பேலட்டின் மேலோ ரேக் காலின் மேலோ வேண்டாம். கைக்கு எட்டாத மேல் லெவல்களுக்கும் கண் உயரத்திலேயே ஒரே பலகையில் ஒட்டி, எந்த லெவலுக்கு எது என்று அம்புக்குறியும் நிறமும் போடுங்கள். நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தால் நாள் முடிவில் கழுத்து போய்விடும். ஃப்ரீசருக்குக் குளிரிலும் பிடிக்கும் பசை உள்ள லேபிளாகக் கேட்டு வாங்குங்கள், சாதாரண லேபிள் உள்ளே ஒட்டவே ஒட்டாது. ஒட்டும் இடத்தில் முதலில் பனியைச் சுரண்டி, துணியால் உலரத் துடைத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

மூணாம்ஷிஃப்ட் எழுதியது:

சரி அக்கா. இன்றைக்கு ஐல் 14ல் அந்த 11ஐயும் பீமில் ஒட்டிவிடுகிறோம். ஃப்ரீசருக்கு லேபிள் ஆர்டர் போட்டாயிற்று. பனி சுரண்ட, நேற்று முதல் ஆளாக வருகிறேன் என்றவரே கை தூக்கியிருக்கிறார்.